ஏழுமலை அளந்தது சரிதான்

அன்றைக்குக் காலையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆறரை மணிக்குக் குழாய் சீறும், கொஞ்ச நேரம் காற்று வரும், பிறகு தண்ணீர் வரும். ஏழு மணியாகியும் காற்றுகூட வரவில்லை. குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நின்ற பெண்கள் தண்ணீர் திறந்துவிடும் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் திட்டியவள் நான்தான். "சம்பளம் வாங்கிக்கினு தூங்கறானுங்க போல" என்றேன். அப்போது வால்வு திறக்கும் செல்வம் வண்டியில் வந்தார். வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனார்.

"ஏழுமலை அண்ணன் விடியகாலம் பூட்டாருங்க. நெஞ்சு வலி. எல்லாரும் அங்கதான் இருந்தோம். இதோ போய் தொறந்துவுட்டுடறேன்."

"எந்த ஏழுமலை?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கும் பெண் பதில் சொன்னாள். "அதான்க்கா, அளவுக்காரரு. கெணத்துகிட்ட போவாமயே அளவு எழுதி மாட்டிக்கினாரே, அவுரு."

அந்தப் பெண் மேல் தப்பில்லை. ஊர் சொன்னதை அவள் சொன்னாள். நான் என் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் குழாய் சீறுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் தண்ணீர் பிடிக்கவில்லை.

ஏழுமலையின் காரியத்தன்று கொடுப்பதற்காக, அவரோடு குடிநீர் ஆபீசில் வேலை பார்த்தவர்கள் ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னை எழுதச் சொன்னது அவர் மனைவி அஞ்சலை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

விஷயம் இதுதான். கிணற்றுக்குப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே நீர்மட்டம் எழுதினார் என்று ஏழுமலைக்குக் கெட்ட பேர் வந்தது. அந்தப் பேரோடுதான் ரிடையர் ஆனார், அந்தப் பேரோடுதான் போய்ச் சேர்ந்தார். அது பொய். அவர் அளந்த கிணறு எங்கள் கிணறு. அது எப்படிப் பொய் என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே அவர், இவர் என்று எழுதுகிறேன். நேரில் நான் அவரை ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பது ஒரு காரணம். நாங்கள் நிலத்துக்காரர்கள், அவர் அம்மா எங்கள் காட்டில் களை எடுத்தவர் என்பதுதான் பெரிய காரணம். "இன்னா ஏழுமல, வந்துட்டியா" என்பேன். "வந்துட்டேங்கம்மா" என்பார்.

எங்கள் வீடும் அதை ஒட்டிய நிலமும் வடக்கனந்தல் போகிற சாலையில் இருக்கின்றன. கிணறு என் மாமனார் வெட்டியது. கருங்கல் படி வைத்த பெரிய கிணறு. சொத்து பிரித்தபோது கிணறு என் வீட்டுக்காரர் பங்குக்கு வந்தது. கிணறு இல்லாத பங்கு அவர் தம்பிக்குப் போனது. அதிலிருந்து எனக்கும் என் ஓரகத்தி தனத்துக்கும் பேச்சு சரியில்லை. பேசினாலும் குத்தலாகத்தான் பேசுவோம். அந்தக் கிணறு வற்றி யாரும் பார்த்ததில்லை என்று நான் கல்யாண வீடுகளில் சொல்வேன். வேண்டுமென்றே தனம் காதில் விழும்படி சொல்வேன்.

ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஆபீசுக்கு, நிலத்துக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று மாதாமாதம் தெரிய வேண்டும். அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் சில கிணறுகளைக் குறித்து வைத்தார்கள். அதில் எங்கள் கிணறு ஒன்று. வால்வு திறக்கிற வேலையோடு இந்த அளவு எடுக்கிற வேலையையும் ஏழுமலைக்குக் கொடுத்தார்கள். அப்படித்தான் அவருக்கு அளவுக்காரர் என்று பேர் வந்தது.

அவர் அளப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீளமான இரும்பு நாடா கொண்டுவருவார். அதன் கடைசி சில அடிகளில் சாக்பீசைத் தேய்த்து வெள்ளையாக்குவார். கிணற்றுச் சுவரில் ஒரு குறி போட்டு வைத்திருந்தார். நாடாவை அந்தக் குறியோடு சேர்த்துப் பிடித்து, நுனி தண்ணீரில் முழுகும்வரை இறக்குவார். மேலே எடுத்தால் சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று தெரியும். இறக்கின நீளத்தில் நனைந்த நீளத்தைக் கழித்தால் தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று வரும். ஒரு தடவை அளந்தால் போதாது அவருக்கு. மூன்று தடவை இறக்குவார். மூன்றும் ஒத்துவந்தால்தான் நோட்டில் எழுதுவார். பிறகு அதே சாக்பீசால் எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார். எண் சின்னதாக இருந்தால் தண்ணீர் மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஒவ்வொரு மாதமும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். கழித்தல் கணக்கை அவருக்கு முன்னால் நான் போட்டுவிடுவேன். "அம்மா கணக்கு கரெக்டா இருக்குது. நான் நோட்டுல எழுதறதுக்குள்ள சொல்லிட்டாங்க" என்று சிரிப்பார். படிப்பு விஷயத்தில் என்னை யாரும் அதுவரை மெச்சியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவர் எழுதின எண் சுற்றுவட்டாரத்திலேயே சின்னதாக இருந்தது அதைவிடப் பிடித்திருந்தது. தனம் அந்த வழியாகத்தான் தினமும் தன் காட்டுக்குப் போக வேண்டும்.

அவர் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வார். வருவதற்கு முதல் நாள் காலையில் வந்து, "நாளைக்கு அளக்க வரேங்கம்மா. மோட்டாரு போடாதீங்க. கெணத்த ஊற வுடுங்க. ஊறி நின்னாதான் அதோட மட்டம் தெரியும்" என்பார். சொல்லாமல் திடீரென்று வந்து அளந்திருக்கலாம். பயிருக்குப் பாய்ச்சுகிற நேரத்தில் நமக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று முன்கூட்டிச் சொல்வார். அந்த மரியாதையைத்தான் நான் அவருக்கு எதிராகப் பயன்படுத்தினேன்.

அதற்கு முன்னால் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் மாட்டுக்கொட்டகையை ஹோஸ் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஹோஸைக் கீழே போட்டுவிட்டுப் பேசப் போய்விட்டேன். தண்ணீர் வாசல் தாண்டிச் சாலைக்கு ஓடியது. ஏழுமலை சைக்கிளில் வந்தவர் இறங்கி, என்னைக் கேட்காமல், உள்ளே வந்து கேட்வால்வை மூடினார்.

எனக்கு வந்தது கோபம். "டேய், உன்னை யாரு மூட சொன்னது? இது ஆபீசு தண்ணியா? என் கெணத்து தண்ணி. உனக்கு இன்னா?"

"உங்க கெணத்து தண்ணின்னு தனியா ஒண்ணு இல்லங்கம்மா. கீழ எல்லாம் ஒரே தண்ணிதான். மலையில பேஞ்சது இங்க வந்து சேர எத்தினி நாளாவும் தெரியுமா? வந்தத ரோட்ல வுடறீங்க."

"பெரிய இஞ்சினீராட்டம் பேசற."

"இஞ்சினீரு ரோட்ல ஓடறத பாத்துக்கினு காருல போயிடுவாருங்கம்மா. நான் சைக்கிளு. நனையுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடுத்த தடவை அவர் வந்தபோது மோர் கொடுக்கவில்லை. கொடுத்த நாட்களிலும் எந்த டம்ளரில் கொடுத்தேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அஞ்சலைக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மழை கம்மியான ஒரு வருஷம், மாசி மாதமே எங்கள் கிணற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து பார்க்காத படிகள் வெளியே தெரிந்தன. பாசி காய்ந்து உரிந்திருந்தது. அன்றைக்குத் தனம் காட்டுக்குப் போகிறவள் கிணற்றுச் சுவரில் கை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கெணறு பல்ல காட்டுது?"

"வெயில் காலத்துல எல்லா கெணறும் அப்படித்தான்."

"எல்லா கெணறும் சரி. உன் கெணறு ஊத்து கெணறாச்சே. நாளைக்கு அளவுக்காரரு வருவாரு இல்ல? நம்பரு பெருசா எழுதுனா எனக்கு கண்ணாடி போடாமயே தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றைக்குக் காலையில்தான் ஏழுமலை வந்து, நாளை வருகிறேன், மோட்டார் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிணற்று மோட்டாரை நான் போடவில்லை. நிலத்தின் மேற்கு மூலையில் என் மகன் ஆழமாக ஒரு போர் போட்டிருந்தான். அந்தப் போர் தண்ணீரைக் குழாய் மூலம் கிணற்றில் விட்டு, அதிலிருந்து கரும்புக்குப் பாய்ச்சுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். மகன் வெளியூர் போயிருந்தான். பகல் கரண்ட் வந்ததும் நான் போர் மோட்டாரைப் போட்டேன். குழாய் கிணற்றுக்குள் கொட்டியது. கரண்ட் நிற்கும்வரை கொட்டியது. பாறைக் கிணறு, சீக்கிரம் உறிஞ்சாது. படிகள் ஒவ்வொன்றாக முழுகியதை நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஏழுமலை வந்து மூன்று தடவை நாடா இறக்கினார். மூன்றும் ஒத்துவந்தது. சின்ன எண்ணைச் சுவரில் எழுதினார். "பரவால்லங்கம்மா, நல்ல ஊத்து" என்றார். தனம் அதைப் படித்துவிட்டுத் தன் காட்டுக்குப் போனாள்.

ஒரு தடவை செய்தால் அதோடு நிற்காது. அடுத்த மாதம் எண் திடீரென்று பெரிதானால் கேள்வி வரும். அதனால் அடுத்த மாதமும் விட்டேன். அடுத்த கோடையிலும் விட்டேன். மூன்று கோடை. அவர் வந்து சொல்கிற நாளெல்லாம் போர் மோட்டார் ஓடியது. மகன் கேட்டபோது கரும்புக்குச் சேர்த்து வைக்கிறேன் என்றேன்.

ஏழுமலைக்குச் சந்தேகம் வந்தது. என் மேல் இல்லை. தண்ணீர் மேல். ஒரு நாள் அளந்து முடித்துவிட்டு நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பயமா இருக்குதுங்கம்மா. சுத்துப்பட்டு கெணறெல்லாம் கீழ போய்க்கினே இருக்குது. உங்கது மட்டும் நிக்குது. எப்படின்னு புரியல. போரு தண்ணி எதனா உள்ள வுடறீங்களா?"

நேராகவே கேட்டார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வழக்கம்போல ஒரு கோபம் காட்டினேன்.

"எங்க மாமனாரு ஊத்து பாத்து வெட்டன கெணறு. உனக்கு புரியலன்னா கெணத்து மேல தப்பா?"

"மன்னிச்சிக்குங்கம்மா. கேக்கறது என் வேல" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பினார். பெரிய வீட்டுக்கார அம்மா கிணற்று விஷயத்தில் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் எழுதின எண்களை வைத்து ஆபீசில் ஒரு முடிவு எடுத்தார்கள். எங்கள் நிலத்தை ஒட்டிய சாலை ஓரத்தில் அடிநீர் நன்றாக இருக்கிறது என்று அங்கே புதுப் போர்கள் போட்டு, கீழ்ப்பக்கத் தெருக்களுக்கெல்லாம் அதிலிருந்து குழாய் இழுத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணீர் அந்தத் தெருக்களுக்குத் தினமும் வந்தது. பெண்கள் வாசலில் செடி வைத்தார்கள். புது இணைப்பு நிறையக் கொடுத்தார்கள். ஏழுமலை வால்வு மூடுகிற நேரம் வந்தால், இன்னும் கொஞ்ச நேரம் விடு என்பார்கள். "தொறக்கறதும் வேல, மூடறதும் வேல. ஊரு மூடறவனதான் திட்டும்" என்று சொல்லிவிட்டு மூடுவார்.

ஒரு வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. அடுத்த சித்திரையில் அந்தப் போர்களில் சேறும் காற்றும் வந்தன. பிறகு அதுவும் இல்லை. தினமும் தண்ணீர் பார்த்த தெருக்களுக்கு ஆறு நாளைக்கு ஒரு தடவை லாரி வந்தது. பெண்கள் காலிக் குடங்களோடு கள்ளக்குறிச்சி சாலையில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவன் யார் என்று கேட்டார்கள். ஏழுமலையின் பேர் வந்தது. ஒரு அம்மா காலிக் குடத்தை அவர் சைக்கிள் மேல் போட்டுவிட்டு, "இத ரொப்பி குடுத்துட்டு போ. உன் நோட்டுல இருக்குதே தண்ணி, அதுல இருந்து ரொப்பு" என்று கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாராம்.

விசாரிக்க ஒரு அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டேன், காபி கொடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்த ஏழுமலை மாசாமாசம் வந்து அளந்தாராம்மா? நீங்க பாத்தீங்களா?"

என்ன சொன்னேன் என்று அச்சில் வரட்டும். நான் சொன்னேன்: "வருவான், போவான். நான் இன்னாத்த கண்டேன்? நான் சமையக்கட்டுல இருப்பேன்."

மாதாமாதம் பக்கத்தில் நின்று கழித்தல் கணக்குப் போட்டவள் நான். வந்தார் என்று சொன்னால், அளந்தார் என்று ஆகும். அளந்தார் என்றால், பிறகு தண்ணீர் எப்படி நின்றது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து அப்படிச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏழுமலைக்கு மெமோ கொடுத்தார்கள். அளக்கிற வேலையைப் பிடுங்கினார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு பம்பு நிலையத்துக்கு மாற்றினார்கள். தினமும் பஸ் பிடித்துப் போய் வந்தார். ஊரில் அவருக்குக் கெட்ட பேர் நிலைத்தது. நான் சொன்ன அந்த வார்த்தைதான் அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி என்று பிறகு செல்வம் மூலமாகத் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அடிவாரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் வரத் தாமதமானது. எதிரே பம்பு நிலையம். வாசலில் ஏழுமலை நின்றிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். உள்ளேயிருந்து ஸ்டூல் கொண்டுவந்து, துண்டால் துடைத்துப் போட்டார். வெயிலில் நிற்காதீர்கள் என்றார். இத்தனை வருஷத்தில் என் வீட்டில் அவருக்கு நான் ஒரு தடவைகூட ஸ்டூல் போட்டதில்லை.

சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன். வாயெடுப்பதற்குள் அவர் பேசினார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். தப்பு என் கண்ணுலதான். நாடாவ வேற நாடா வெச்சி ஒத்துப் பாத்தேன், நாடா சரியாதான் இருக்குது. அப்போ கண்ணுதான். தியாகதுருகத்துல கண்ணு காட்டுனேன். அந்த டாக்டரு பெருசா ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாரு. ஆனா வேற எப்படி தப்பாவும், சொல்லுங்க? நனைஞ்ச எடம் எனக்கு சரியா தெரியல. என்னால உங்க கெணத்துக்கும் கெட்ட பேரு. ஊத்து கெணறுன்னு இருந்தத பொய் கெணறுன்னு ஊரு பேசுது. மன்னிச்சிக்குங்கம்மா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி வுடு ஏழுமல. நடந்தது நடந்துபோச்சி" என்றேன்.

அவரை நான் மன்னித்தேன். அவர் கை கூப்பினார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஸ்டூலை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவரை ஓரிரு தடவை தூரத்தில் பார்த்ததுதான். பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். தப்பு செய்த ஆளைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்புகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள், ஆள்தான் வேறு.

அவர் இறந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. அஞ்சலை படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நைனார்பாளையத்திலிருந்து அஞ்சலையின் அக்கா வந்து கூட இருந்தார். என்னைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். உட்காருங்கள் என்றேன். நானும் கீழே உட்கார்ந்தேன்.

படத்தில் கண்ணாடி இல்லை. பழைய படம். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. "கண்ணாடி போட்ட படம் இல்லியா?"

"கண்ணாடிய அவுருகூடவே வெச்சி அனுப்பிட்டோங்கம்மா" என்றார் அஞ்சலை. "கண்ணு சரியில்ல, கண்ணு சரியில்லன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. வூட்ல அரிசி பொறுக்குனாக்கூட, நான் பாத்தா சரியா இருக்காது, நீ ஒரு தபா பாருன்னுவாரு. எங்க போனாலும் நல்லா தெரியட்டும்னு மூக்குல மாட்டியே பொதைச்சோம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். போர் மோட்டாரிலிருந்து சமையல்கட்டு வரைக்கும், ஸ்டூல் போட்டு மன்னிப்புக் கேட்டது வரைக்கும் சொன்னேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அஞ்சலை அழவில்லை. என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தினி படி?" என்று கேட்டார்.

"எது?"

"தண்ணி ரொப்புனியே. எத்தினி படி ஏத்தின?"

'நீ' என்று பேசினார். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. "மொத கோடையில ரெண்டு மூணு. கடைசியில ஏழு" என்றேன்.

"ஏழு படி தண்ணி இருந்துச்சா, அவுரு அளக்கறப்ப?"

"இருந்துச்சி."

"அவுரு நோட்டுல எழுதனது, அன்னைக்கு கெணத்துல இருந்த தண்ணிக்கு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சி அஞ்சல. ஒவ்வொரு தபாவும் சரியா இருந்துச்சி. நானும் கூட நின்னு கணக்கு போட்டேன்."

"அப்போ கண்ணு கெட்டுப் போவல."

"இல்ல."

அப்போதுதான் அஞ்சலை அழுதார். படத்தின் பக்கம் திரும்பி, "கேட்டியா, கேட்டியா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நான் எழுந்து போகவும் முடியாமல், அவரைத் தொடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என்னிடம் சொன்னார்.

"அந்தாளு இருக்கறப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ராத்திரியில நல்லா தூங்கியிருப்பாரு. உன்ன திட்டியிருக்கக்கூட மாட்டாரு. அப்பாடான்னு இருந்திருப்பாரு. இப்ப என்கிட்ட வந்து அழுதா நான் இன்னா பண்ணுவேன்? என்கிட்ட மட்டும் சொல்லிட்டு போயிடலாம்னு பாக்காத. எழுத படிக்க தெரியும்னு பெருமையா சொல்லுவியே, எழுதிக் குடு. அவுரு அளவு எழுதுவாரு இல்ல, அந்த மாதிரி வெவரமா எழுதிக் குடு. ஆபீசுலயும் குடு. காரியத்துக்கு போடற பொஸ்தகத்துலயும் போடட்டும். எல்லாரும் படிக்கட்டும்."

ஆபீசுக்கு மறுநாளே போனேன். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "அவரு ரிடையரும் ஆயிட்டாரு, இறந்தும் பூட்டாருங்க. அந்த ஃபைல எப்பவோ மூடிட்டாங்க. இத வாங்கி எதுல வெக்கறதுன்னே தெரியலயே" என்றார். எதிலாவது வையுங்கள் என்று கெஞ்சி, ஒரு சீல் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் நகல் அஞ்சலையிடம் இருக்கிறது. வீட்டில் மகனிடமும் சொல்லிவிட்டேன். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா, குடும்பப் பேரு போவும்" என்றான். போகட்டும் என்றேன். தனத்திடமும் நானே போய்ச் சொன்னேன். அவள் குத்தலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அஞ்சலை கேட்டபடி விவரம் எழுதுகிறேன். மூன்று கோடை. மாசியிலிருந்து ஆனி வரை, ஏழுமலை வந்து சொன்ன ஒவ்வொரு நாளும் பகல் கரண்டில் போர் தண்ணீர் கிணற்றில் விட்டேன். முதல் கோடையில் இரண்டு மூன்று படி. இரண்டாம் கோடையில் நான்கைந்து படி. மூன்றாம் கோடையில் ஏழு படி. அவர் நோட்டில் இருக்கிற எண்களோடு அந்தப் படிகளின் உயரத்தைக் கூட்டிக்கொண்டால், அடிநீர் உண்மையில் எவ்வளவு கீழே போயிருந்தது என்று தெரியும். மற்ற கிணறுகளின் அளவோடு ஒத்துவரும். நாடாவும் சரி. சாக்பீசும் சரி. கண்ணும் சரி. கிணற்றில் இருந்த தண்ணீர்தான் பொய்.

கீழ்ப்பக்கத் தெருக்களில் காலிக் குடத்தோடு வெயிலில் உட்கார்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்தக் கோபம் உங்களுக்கு இன்னும் இருந்தால் அது வர வேண்டிய வீடு வடக்கனந்தல் சாலையில் இருக்கிறது. பெரிய கிணறு உள்ள வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், அவரிடமிருந்து எனக்கு இது கிடைத்தது, அது கிடைத்தது என்று கடைசியில் எழுதுவார்கள். அவர் நேர்மையை வைத்துக்கொள்கிறேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏழுமலையிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அளக்காமல் பொய் எழுதினவன் என்று இத்தனை வருஷம் அவர் சுமந்த பேர். அது என்னுடையது. அஞ்சலை வீட்டில் இனி அது இருக்க வேண்டாம். நான் வைத்துக்கொள்கிறேன்.